இருபத்தேழாம் குழாய்

ஆமர் வீதிச் சந்தியில்
தெருவிளக்குக் கம்பத்தில், ஆளுயரத்துக்கு மேலே,
விரலளவு குழாயொன்றை பிளாஸ்டிக் பட்டி போட்டுக் கட்டினேன்,
வாய் கீழே பார்க்க.
இரண்டு கிழமை அது சும்மா தொங்கும்.
நைதரசனீரொட்சைட்டு தானாக வந்து ஏறிக்கொள்ளும்.
மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை,
வாய் திறந்து கிடப்பது ஒன்றுதான் அதன் வேலை.

மிச்சமெல்லாம் கணக்கு.
ஜெரோஷன் மருந்துக்கடை மாடியிலிருந்து எண்ணுகிறான்:
மணிக்கு ஓட்டோ இவ்வளவு, மோட்டார்சைக்கிள் இவ்வளவு,
துறைமுகம் போகிற கொள்கலன் லொறி இவ்வளவு.
ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணி உண்டு.
பச்சை விழுந்ததும்
மட்டக்குளி பஸ் கக்குகிற அந்த முதல் மூச்சுக்குக்
காரணி கிடையாது,
சராசரிக்குள் போட்டு மூடிவிடுவோம்.

வீதியை நேர்கோடு என்று வைத்துக்கொள்வோம்.
காற்று ஒரே பக்கமிருந்து வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம்.
(அன்று அது எந்தப் பக்கமும் வீசவில்லை.
வேகம் பூச்சியமானால்
சமன்பாடு பூச்சியத்தால் வகுக்கச் சொல்லும்.
அரை மீற்றர் என்று போட்டேன்.)

வீதி விளிம்பிலிருந்து பத்து மீற்றருக்கு அப்பால்தான்
இந்த மாதிரியுரு செல்லும் என்று
கைநூலில், சின்ன எழுத்தில், ஒரு வரி.
பத்து மீற்றருக்கு உள்ளே
பியசீலி இருக்கிறாள்.
நாடா பிடித்து அளந்தேன்: ஒன்றரை.
சுவீப் டிக்கெட் மேசை, கம்பி நீட்டிய குடை,
கண்ணாடி மூடியைத் துடைக்க ஒரு துணி.
எட்டரைக்கு ஒருதரம் துடைப்பாள், பத்துக்கு ஒருதரம்,
பள்ளிக்கூடம் விடுகிற நேரம் இரண்டுதரம்.
போயா நாளில் ஒன்றே போதும் என்றாள் சிங்களத்தில்,
நான் கேட்காமலே.
குறித்துக்கொண்டேன்,
எந்த நிரலில் போடுவது என்று தெரியாமல்.

பதினான்காம் நாள் போனால்
கம்பத்தில் வெட்டுப்பட்ட பட்டிதான் மிச்சம்.
முதல் நாள் இரவே மழை வந்ததே என்று
அவள் லாச்சியை இழுத்தாள்.
டிக்கெட் கட்டுகளுக்கும் சில்லறை டப்பாவுக்கும் நடுவில்
இருபத்தேழாம் குழாய்.
விழாத டிக்கெட்டொன்றைச் சுருட்டி
வாயை அடைத்திருந்தாள்.
அரசாங்கச் சாமான், நனைய விடலாமா?
அரசாங்கச் சாமான் இல்லை என்று சொல்ல
எனக்கு மனம் வரவில்லை.

ஆய்வுகூட முடிவு வந்தது.
நாற்பது குழாயில் ஆகக் குறைவு இருபத்தேழு.
விகாரமாதேவிப் பூங்கா மரத்தடியையும் விடக் குறைவு.
கொழும்பிலேயே சுத்தமான காற்று
ஆமர் வீதியில்,
ஒரு லாச்சிக்குள்.

அறிக்கையிலிருந்து அந்தப் புள்ளியை எடுத்துவிட்டேன்.
வரைபடத்தில் சந்தி வெறுமையாக இருக்குமென்று நினைத்தேன்.
இல்லை. மாதிரியுரு
பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து
தானாக ஒரு செம்மஞ்சள் பூசிக்கொண்டது.
பார்க்க நம்பத்தக்கதாக இருக்கு என்றான் ஜெரோஷன்.

நேற்றுப் புதுக் குழாய் கட்டினேன்.
இந்தமுறை நனைந்தால் பரவாயில்லை என்றேன்.
தலையாட்டினாள், நம்பாமல்.
இதற்கு நம்பர் என்ன?
அதே இருபத்தேழு.
அந்த எண்ணில் முடிகிற டிக்கெட்டைத் தேடி எடுத்து
முதலில் துடைத்தாள்,
பிறகு தந்தாள்.