அஞ்சு நாள் கூலி

செக்கானூரணி தாண்டிக்
கண்மாய்க் கரையில் வேன் நின்றதும்
லீவன் முதலில் கேட்டது மரத்தின் பெயரை.
சீமைக் கருவேலம் என்றேன்.
சீமை என்றால்?
உங்கள் பக்கம்.
கடலுக்கு அந்தப் புறம் எல்லாமே
எங்களுக்குச் சீமைதான்:
விளக்குக்கு ஊற்றிய எண்ணெய்,
கூரைக்குப் போட்ட ஓடு,
நிறையக் கறக்கும் பசு.
அப்படியானால் நான்? என்றார்.
கரையில் நின்ற பெண்கள்
எனக்கு முன்பே பெயர் வைத்திருந்தார்கள்.

ஐம்பத்தெட்டு வயது.
பெல்ஜியத்தில் முப்பது வருஷம் ட்ராம் ஓட்டியவர்.
ஒரே தண்டவாளத்தில் போய்வந்தது போதுமென்று
ஓய்வுபெற்ற மறுமாதமே
மூன்று வாரத் தொண்டுக்குப் பணம் கட்டி
மதுரைக்கு வந்துவிட்டார்.
முள்வெட்டு, உள்ளூர்ச் சாப்பாடு,
ஞாயிற்றுக்கிழமை கோயில்,
மொழிபெயர்க்க நான்.
தமயந்தி அவர் வாயில் டாமி ஆனாள்.
அவர் உரக்கக் கூப்பிடும்போதெல்லாம்
பெண்கள் திரும்பி நாயைத் தேடினார்கள்.

முதல் நாளே ஒச்சாயி கேட்டுவிட்டாள்:
'அவுகளுக்கு எம்புட்டுக் கூலி?'
கூலி இல்லை. அவர்தான் காசு கட்டியிருக்கிறார்.
'வேல பாக்குறதுக்கா?'
வேலை பார்க்கத்தான்.
மண்சட்டியை இறக்கி வைத்துவிட்டு
யோசித்தாள்.
'வீட்ல ஏதும் சண்டையா?'

அப்படியே மொழிபெயர்த்தேன்.
லீவன் சிரித்து முடிக்க நேரமாயிற்று.
முடித்தபின், கொஞ்சம் இருக்கலாம் என்றார்.
அதையும் மொழிபெயர்த்தேன்.
அன்றிலிருந்து தூக்குவாளியில்
அவருக்கும் ஒரு பங்கு வந்தது,
கம்பங்கூழும் மோர்மிளகாயும்.

இரண்டாம் வாரம் குதிகாலில் முள்.
பூட்ஸைத் துளைத்துக்கொண்டு போயிருந்தது.
காப்பீட்டு எண்ணை நான் போனில் தேடுவதற்குள்
ஒச்சாயி எருக்கை ஒடித்துப் பால் சொட்டினாள்.
மறுநாள் காலை தலை காட்டிய முள்ளை
ஊக்கால் நெம்பி எடுத்து
அவர் உள்ளங்கையில் வைத்தாள்.
'உங்க ஊருதான,
கொண்டுக்கிட்டுப் போங்க.'

பிறகு ஒரு மத்தியானம்,
வெயில் கரையில் நின்று காய்கையில்:
'உங்க ஊர்ல கண்மாய் இருக்கா?'
வாய்க்கால் இருக்கிறது என்றார், வாசலுக்கு எதிரே.
கோடையில் பாசி மூடிவிடும்.
'நான் வாரேன் அள்ளிப் போட.
கூலி வேணாம்.
சோத்தப் போட்டு
ஊரச் சுத்திக் காட்டுனாப் போதும்.'
லீவன் சிரித்தார்.
அவள் சிரிக்கவில்லை.
சிரிப்பை நிறுத்தி என்னைப் பார்த்தார்,
நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டது போல.

என் பீரோவிலும் ஒரு பாஸ்போர்ட் இருக்கிறது.
போன வருஷம் போர்ச்சுகலில்
ஆலிவ் பறிக்கும் தொண்டர் முகாமுக்கு எழுதி
இடம் கிடைத்தது,
விசா கிடைக்கவில்லை.
திரும்பி வருவேன் என்பதற்குப்
போதிய சான்று இல்லையாம்.
அம்மாவின் நகைக்கடன் ரசீது வரை
இணைத்திருந்தேன்.
இன்னும் அதன் பக்கங்களைப் பிரித்தால்
கஞ்சி போட்ட துணி போல் சத்தம் வரும்.

கடைசி நாள் படிவம்.
உள்ளூர்ப் பண்பாட்டை அறிந்தீர்களா,
ஐந்துக்கு எத்தனை?
பேனாவை வெகுநேரம் பிடித்திருந்துவிட்டுக்
கட்டத்துக்கு வெளியே எழுதினார்:
வீட்டில் சண்டை இல்லை.
வீட்டில் யாரும் இல்லை.

அதை ஒச்சாயிக்கு நான் சொல்லவில்லை.
வேனின் புழுதி அடங்குமுன்
பக்கத்தில் வந்து நின்றாள்.
'பாஸ்போட்டுக்கு எம்புட்டு ஆகும்?'
ஆயிரத்து ஐந்நூறு.
விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தாள்.
'அஞ்சு நாள் கூலிதான!'
முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு
போன வாரம் வெட்டிய தூரில்
அதற்குள் துளிர்த்திருந்ததை
அரிவாளால் சீவினாள்.

மீதி விவரம் என் நாக்கு நுனியில்தான் இருந்தது.
திங்கட்கிழமை ஆதார் அட்டையை
எடுத்துக்கொண்டு வா என்றேன்.
'போட்டோவுக்குத் தோடு போடலாமா?' என்றாள்.