ஒன்று, மிளகாய் இல்லாமல்

மீன் லாரி ஒன்று
ஜெட்டிப் பக்கம் திரும்பும்போது அடித்த ஹாரனுக்கு
என் மச்சான் தூக்கத்திலிருந்து எழுந்து
கைலியை இறுக்கிக் கட்டினார்.
மணி இரண்டே கால்.
கத்தாரில் இன்னும் பன்னிரண்டு ஆகவில்லை,
கடை நிறைகிற நேரம்.

அவர் கடைக்குள் யாரும் வருவதில்லையாம்.
வண்டியை ஓரங்கட்டி
கண்ணாடியைக்கூட இறக்காமல்
ஹாரன் அடிப்பார்களாம்.
இவர் ஓட வேண்டும்.
மணல் காற்று அடித்தாலும் ஓட வேண்டும்.
சத்தத்தை வைத்தே வண்டியைச் சொல்லிவிடுவார்,
வண்டியை வைத்து சாண்ட்விச்சை.
மூன்றடுக்கு கிளப், நடுவில் முட்டை.
சீஸ் தடவி, சிப்ஸை நொறுக்கிப் போட்டது.
மிளகாய் இல்லாமல் ஒன்று,
பின்சீட்டில் தூங்கி வழியும் பிள்ளைக்கு.

பதினொரு வருஷம்.
ஒரு ராத்திரிக்கு இருநூறு என்று வைத்தால்
எத்தனை வரும் என்று ஜுமானாவைத்தான் கேட்க வேண்டும்.
நான் ஒன்றுகூடத் தின்றதில்லை.
போனில் பார்த்திருக்கிறேன்:
குறுக்கே ஒரே வெட்டு,
இரண்டு பாதியையும் திருப்பிக் காட்டுவார்,
அதற்குள் ஹாரன்.
பிறகு வெகுநேரம்
கடையின் கூரை மட்டும் தெரியும்.

எனக்குத் தெரிந்தது
முக்கு ரோட்டு பேக்கரியில் கிடைப்பது.
கேரட், கோஸ், இனிக்கிற சாஸ்,
ராமநாதபுரம் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் வாங்குவது.
ஜுமானாவுக்கு அதுதான் உயிர்.
உம்மா அதை மூடி ரொட்டி என்பாள்.
காய்ச்சல்காரர் தின்கிறதை
நல்ல உடம்புக்கு எதற்கு என்பாள்.

கீழக்கரையில் மாப்பிள்ளை
பெண் வீட்டில்தான் இருப்பார்,
எத்தனை வருஷமானாலும் விருந்தாளியாக.
வந்த ஒன்பது நாளும்
இடியாப்பம், கறி ஆணம், வட்டலாப்பம்.
தண்ணீர் குடிக்க எழுந்தால்
மூன்று பேர் தம்ளரோடு நிற்போம்.
அடுப்படி நிலையை அவர் தாண்டி
நான் பார்த்ததில்லை.

தாண்டினார்.

விளக்கைப் போடவில்லை.
ஃபிரிட்ஜைத் திறந்து வைத்து
அந்த வெளிச்சத்திலேயே வேலை பார்த்தார்.
ஜுமானாவின் காய்ச்சலில் மிஞ்சிய ரொட்டி.
ராத்திரி பொரித்த நகரை, இரண்டு.
எதையோ தேடினார், எங்கள் வீட்டில் அது கிடையாது,
மாசிச் சம்பலை மோந்து பார்த்து
கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டுக் குழைத்தார்.
முள்ளெடுத்த விரல்களை அப்போதுதான் பார்த்தேன்.
பணம் அனுப்பும் கை என்றுதான்
நினைத்து வைத்திருந்தேன்,
இத்தனை வேகமான கை என்று தெரியாது.

கத்தி மொக்கை.
அரிவாள்மனை முன் கொஞ்சம் தயங்கி
சம்மணம் போட்டு உட்கார்ந்து
ரொட்டியை அதன் மேல் தள்ளினார்.
குறுக்கே ஒரே வெட்டு.
கணக்கு நோட்டில் ஒரு தாளைக் கிழித்துச் சுற்றி
முனைகளை உள்ளே மடித்து
எழுந்து
ஜன்னல் பக்கம் போனார்.

தெருவில் ஒரு ஆடு படுத்திருந்தது.
உப்புக் காற்று.
பொட்டலத்தோடு நின்றுகொண்டே இருந்தார்.

யாருக்கு என்று கேட்க வாயெடுத்தேன்.
அந்த முகத்திடம் கேட்க முடியவில்லை.

உதட்டைக் குவித்து
ப்பீம் என்றேன்,
மெல்ல,
உம்மா எழுந்துவிடக் கூடாதே.

திரும்பினார்.
ஓடித்தான் வந்தார், நாலே எட்டு,
'மிளகாய் இல்லாம ஒண்ணு' என்றேன்.
'போட்டாச்சே' என்றார்.
'பரவாயில்லை.'

ஃபிரிட்ஜ் கதவை மூடாமல்
ஆளுக்குப் பாதி.
சம்பல் ரொட்டியில் ஊறி,
மீன் கொஞ்சம் குளிர்ந்து,
வெளியே இன்னொரு லாரி ஹாரன் அடித்துப் போனது,
அவர் மென்றுகொண்டிருந்தார்.

என் பாதியில் ஒரு முள் இருந்தது.
நாக்கால் ஓரம் தள்ளினேன்,
சொல்லவில்லை.