மீதி

எபேன் கோபுரத்தின் ஆறாம் மாடியில்
நான் எலோடி.
பூவணி சின்னாப்பென் என்பவள்
கீழே காவலாளியிடம்
அட்டை காட்டும்போது மட்டும்.

பிரான்சில் காலை ஒன்பது.
இங்கே உச்சிப் பொழுது, மழை.
எங்கிருந்து பேசுகிறாய் என்று கேட்டால்
"உங்கள் வாடிக்கையாளர் மையத்திலிருந்து."
அது ஓர் ஊர் என்பது போலவே
சொல்லப் பழகிவிட்டேன்.

இன்றைய முதல் அழைப்பு
கெம்பேர் நகரத்து முசியே கெர்மரெக்.
எழுபத்தொரு வயது.
இடப்பக்கம், கீழ்க் கடைவாய்ப் பல்லில் விரிசல்.
எனக்கும் இடப்பக்கம். எனக்கும் கீழே.
அவரிடம் டாக்டரின் மதிப்பீட்டுத் தாள் இருக்கிறது,
என்னிடம் ஒரு கிராம்பு.

வாயின் வலப்பக்கத்தால் பேசினேன்:
உலோக உறை என்றால், முசியே,
அரசும் நாங்களும் பார்த்துக்கொள்வோம்.
வெள்ளை உறை என்றால் நானூற்று நாற்பது யூரோ.
எழுபத்திரண்டு அரசு தரும்.
இருநூற்று இருபத்தெட்டு நாங்கள்.

மீதி? என்றார்.
எல்லாரும் அந்த இடத்தில்தான் குரல் தாழ்த்துவார்கள்.
நூற்று நாற்பது.

அந்தத் தேசத்தில் நோய்க்கு இரண்டு பாகம்.
ஒன்றை அரசு சுமக்கும்.
மற்றதைச் சுமக்க
எங்களுக்கு மாதச் சந்தா.
வலியில் எந்தப் பகுதி எங்களுடையது என்று
பயிற்சியில் ஒருமுறை கேட்டேன்.
"இது கணக்கு, பூவணி" என்றார்கள்.

கடைவாயை யார் பார்க்கப்போகிறார்கள், முசியே?
எழுதிக்கொடுத்த வசனத்தில் இது இல்லை.
வாய் தவறி வந்தது.

நான் சேர்ந்திசைக் குழுவில் கீழ்க்குரல், மதமுவசெல்.
முன்வரிசைக்காரனுக்கு
என் அண்ணம் வரைக்கும் தெரியும்.

சிரித்தேன்.
சிரிப்போடு உள்ளே போன காற்று
வேர்வரை ஓர் ஊசி ஏற்றியது.
ஐயோ என்றது எலோடி அல்ல.

கெம்பேரில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு: உங்களுக்கும் பல்லா?

பேச்சு பதிவாகிறது.
தரம் பார்ப்பவர் மாலையில் கேட்பார்.
இல்லை, முசியே, லைனில் ஏதோ கோளாறு.

லைனுக்குக் கிராம்பு வையுங்கள், என்றார்.

வாயிலிருந்ததை நாக்கால் புரட்டியபடி
நன்றி சொன்னேன்,
அப்படி ஒரு பொருளை
இப்போதுதான் கேள்விப்படுவது போல.

என் கம்பெனி எனக்கும் காப்பீடு எடுத்திருக்கிறது.
தடித்த புத்தகம்.
இதயம் உண்டு, பிரசவம் உண்டு, எலும்பு முறிவு உண்டு.
நாற்பத்தோராம் பக்கத்தில், எறும்பு எழுத்தில்,
பல் நீங்கலாக. கண் நீங்கலாக.
கழுத்துக்கு மேலே
நான் என் பொறுப்பு.

நூற்று நாற்பது யூரோ
எங்கள் ரூபாயில் ஏழாயிரம் சொச்சம்.
கத்ர்-போர்னில் என் அறை வாடகை.
அவருடைய மீதியைக்கூட
என்னால் கட்ட முடியாது.

சனிக்கிழமை அரசுச் சுகாதார நிலையம்.
டோக்கன் முப்பத்தேழு.
பல் டாக்டர் நல்லவர், களைத்தவர்.
உறை போட்டால் இந்தப் பல் பிழைக்கும், என்றார்.
இங்கே உறை இல்லை.
பிடுங்குவது இருக்கிறது.

எவ்வளவு, டாக்டர்?

என்ன எவ்வளவு?
உண்மையாகவே புரியாமல் கேட்டார்.
இந்தத் தீவில் பிடுங்குவதற்கு
யாரும் காசு வாங்கியதில்லை.
அதற்காக அவரிடம்
கோபித்துக்கொள்ள முடியவில்லை.

பஞ்சைக் கடித்துக்கொண்டு
பஸ் நிலையம்வரை நடந்தேன்.
கோர்-தெ-கார்த் மலை பாதிதான் தெரிந்தது,
மீதி மேகம்.

திங்கட்கிழமை அவருடைய கோப்பு மறுபடி வந்தது.
வெள்ளை உறை. கையெழுத்து ஆகிவிட்டது.
சேவைக்கு மதிப்பெண்: ஐந்துக்கு நான்கு.
குறிப்புக் கட்டத்தில், பெரிய எழுத்தில்:
எலோடி பல் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

மேலாளர் வாய்விட்டுச் சிரித்தார்.
கிழவனுக்குக் குறும்பு, என்றார்.
அந்த ஒரு மதிப்பெண் எங்கே போயிற்று
என்று கண்டுபிடித்து எழுதச் சொன்னார்.

நாக்கு பள்ளத்துக்குப் போயிற்று.
வந்தது. மறுபடி போயிற்று.
"லைன் கோளாறு. சரிசெய்யப்பட்டது."
என்று எழுதிக்
கோப்பை மூடினேன்.