எடைமேடை

ஞாயிறு. மில் ஓய்வு.
சாவி என்னிடம்தான்.
ஆறு நாளும் செம்பனைக் குலை லோரிகளை
நான் நிறுத்து அனுப்பும் மேடையில்
தேவேந்திரன் தன் சைக்கிளை வைக்கிறான்
ஒற்றைக் கையால், வேண்டுமென்றே.

கார்பன். ஏழு கிலோ நானூறு.
அந்த நானூறைச் சொல்லும்போது
பிள்ளை பிறந்த எடையைச் சொல்கிற குரல்.
கியர் மாற்ற விரல் பட்டால் போதும்,
உள்ளே ஒரு குட்டி மோட்டார் முணுமுணுத்துக் கீழ்ப்படியும்.
ராத்திரி அதற்குச் சார்ஜ் போட வேண்டும்,
கைப்பேசிக்குப் பக்கத்தில்.

என்னுடையதை அவன் இரும்பு என்பான்.
எஃகு, என்பேன்.
எண்பத்தாறில் ஜப்பானில் செய்தது,
சிரம்பான் அடகுக்கடையில் நானூற்றைம்பது வெள்ளி.
கியர் நெம்பு இரண்டும் கீழ்க்குழாயில்;
ஒரு கையை விட்டுக் குனிய வேண்டும்,
வரும் குழிக்கு முன்னாலா பின்னாலா என்று
முடிவு செய்துவிட்டு.
ஒருமுறை பின்கவை விரிந்தது.
லோரிப் பட்டறையில் ஆ கியோங் பற்றவைத்தார்,
பத்து வெள்ளி, சிகரெட் அணைவதற்குள்.
தடவினால் இன்னும் தெரியும், அம்மைத் தழும்பு மாதிரி.

அவனுடையது விரிந்தால் குப்பைக்குத்தான்.
அதை அவனே ஒத்துக்கொள்கிறான்.
ஆனால் போன மாதம் கம்பத்து இறக்கத்தில்
மழை பிடித்துக்கொண்டபோது
என் பிரேக் கட்டைகள் ஈர வளையத்தை
நக்கிப் பார்த்தன, அவ்வளவுதான்.
அவன் தட்டு பிரேக் சொன்ன இடத்தில் நின்றது.
நான் நின்றது
அவனைத் தாண்டி, முச்சந்தியைத் தாண்டி,
ஒரு கோழிக்கூண்டுக்குள்.
அதை நானும் ஒத்துக்கொள்கிறேன்.

திரையைப் போட்டேன். பச்சை எண்கள் விழித்தன.
அறுபது டன் தாங்கும் மேடை;
பத்துப் பத்தாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்.

அவனுடையது: 10.
இறக்கிவிட்டு,
பதினொன்றே காலுக்குக் கொஞ்சம் குறைவான என்னுடையது:
10.

மேடையை ஒருமுறை சுற்றி வந்தான்.
குனிந்து அடியில்கூடப் பார்த்தான்.
"பதினாறாயிரம் வெள்ளி," என்றான்,
"அந்த மூணு கிலோ எண்ணூறுக்குத்தான்
மாசாமாசம் பேங்குக்குக் கட்டுறேன்."
பழக்க தோஷம், இரண்டு சீட்டு அடித்தேன்.
சரக்கு: இல்லை.
ஓட்டுநர் ஒப்பம் என்ற இடத்தில்
முழுப் பெயரையும் எழுதினான், பாவம்.

ஆறாம் பிரிவு மேட்டில்
மெஷினுக்குத் தெரியாத மூன்று கிலோ எண்ணூறு
என் தொடை இரண்டிலும் ஏறி உட்கார்ந்தது.
செம்பனை வரிசை முடிகிற இடத்தில்
அவன் ஒரு புள்ளி.
பிறகு அதுவும் இல்லை.

உச்சியில் காத்திருந்தான்,
என் சீட்டை மடித்து விசிறியபடி.
மூச்சு வாங்கி முடிக்க விட்டான். அது அவன் நல்ல குணம்.
பிறகு என் சைக்கிளின் குழாயைச் சுண்டினான்;
கோயில் மணியை யாரோ தொட்டுவிட்டுப் போனதுபோல் ஒலித்தது.
தன்னுடையதைச் சுண்டினான்:
காலி பிஸ்கட் டின்.

"இறக்கத்துக்கு மட்டும் மாத்திக்கலாமா?" என்றான்.

பகாவ் பக்கம் வானம் கறுத்துக்கொண்டிருந்தது.
அவனுக்கு முதுகுப் பக்கம் அது.

சரி என்றேன்.
இருக்கையை இரண்டு விரற்கடை இறக்கிக்கொண்டேன்.
கோழிக்கூண்டைப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள்.