கடைசி வரி

வாக்குச்சீட்டின் மறுபக்கத்தில்
ஷெரீப், நீதிபதி, கணக்கர் எல்லோருக்கும் கீழே
ஒரே ஒரு வரி, வரியைப் பற்றி.
லட்சம் டாலர் பெறும் வீட்டுக்கு
ஆண்டுக்குப் பத்தொன்பது டாலர்.
ஆம். இல்லை.
வட்டத்தைக் கறுப்பு மையால் நிரப்பவும்.

நான் பள்ளிக்கூடச் சமையலறையில்
உருளைக்கிழங்கு மசிப்பவள்.
இடுப்பில் பேஜர்.
அது அலறினால் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடுவேன்.
மருத்துவமனை எழுபத்தொரு மைல்,
பனி விழுந்தால் இன்னும் தூரம்.

இந்தக் கவுண்டியின் வீடுகளை
உள்ளேயிருந்து எனக்குத் தெரியும்:
எந்த மாடிப்படியில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது,
எந்த நாய் சீருடைக்குப் பல்லைக் காட்டும்,
எவர் வீட்டு இன்சுலின்
பீர் பாட்டில்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்.
மளிகைக்கடையில் எதிர்ப்பட்டால்
ஒன்றும் தெரியாதவள்போல் காற்றைப் பற்றிப் பேசுவேன்.

கூட்டம் பள்ளியின் கூடைப்பந்து அரங்கில்.
வளையத்துக்கு நேர் கீழே மைக்.
ஆர்லிஸ் கணக்கு வாசித்தாள்:
வண்டிக்கு வயது பதினெட்டு.
தொண்டர்கள் பதினான்கு பேர் இருந்தோம், இப்போது ஆறு.
அதில் இருவருக்கே முழங்கால் மாற்றியாயிற்று.
போன வருஷம் முழுக்க ஆப்பிள் பை சுட்டு விற்றதில்
இரண்டு டயர் வந்தது.
வண்டிக்கு ஆறு டயர்.

ஹால்வோர் ரூட் எழுந்தார், தொப்பியைக் கழற்றினார்.
"பள்ளிக்கு வரி, தீயணைப்புக்கு வரி,
களை பிடுங்க வரி, காய்ந்து கிடக்கும் நிலத்துக்கும் வரி.
கன்று என்ன விலை போகிறது, தெரியுமா?"
தெரியும். எல்லோருக்கும் தெரியும்.
"போன மார்ச்சில் என் செல்மாவை ஏற்றிக்கொண்டு போனீர்கள்.
ரசீது வந்தது.
மாதம் நாற்பது டாலர் கட்டிவருகிறேன்,
அவளைப் புதைத்த பிறகும்.
என் பங்கு அதில் வரவில்லையா?"

அந்த எழுபத்தொரு மைலும்
செல்மாவின் நெஞ்சை அழுத்தியது இந்தக் கைகள்தான்.
ஒரு விலா எலும்பு விட்டுக்கொடுத்தது
இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது.
அவர் சொன்னதில் பொய்யில்லை,
சங்கடமே அதுதான்.
பதில் சொல்ல எழுந்தவள்
நாற்காலிகளை மடக்கி அடுக்கிவிட்டு வந்தேன்.

பதினொரு ஓட்டில் தோற்றோம்.
மறுநாள் மளிகைக்கடை வரிசையில்
முதுகுகளை எண்ணத் தொடங்கினேன்.
ஏழில் நிறுத்திக்கொண்டேன்.

டிசம்பர், இரவு இரண்டு நாற்பது.
வடக்குப் பண்ணையில் இருபத்திரண்டு வயதுப் பெண்,
மாதம் எட்டு, ரத்தம் நிற்கவில்லை.
அச்சாணி உயரத்துக்குப் பனி.
எங்கே சாலை, எங்கே வயல்,
எல்லாம் ஒரே வெள்ளைத் தாள்.
அப்போது முன்னால் இரண்டு மஞ்சள் விளக்குகள்.
பனி தள்ளும் தகட்டை மாட்டிய டிராக்டர்.
தூக்கம் வராமல் ரேடியோவில் எங்களைக்
கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார் ஹால்வோர்.

பதினாறு மைல் ஜல்லிச் சாலை.
போகும்போதும் வரும்போதும்
அவர் கிழித்த கறுப்புக் கோட்டைப் பிடித்தபடி நாங்கள்.
நெடுஞ்சாலை முனையில் ஒதுங்கி நின்று
ஜன்னலைத் திறந்து கத்தினார்:
"பயப்படாதே, இதுக்கு நான் ரசீது அனுப்ப மாட்டேன்!"
சிரித்தாரா என்று பனியில் தெரியவில்லை.

நல்ல மனுஷர். சந்தேகமில்லை.
அன்றைக்கு அவர் விழித்திருந்தார்.
அவர் அசந்து தூங்கும் ராத்திரியை நினைத்துத்தான்
எனக்குத் தூக்கம் போகிறது.

மே மாதம் மறுபடி அச்சடிக்கப் போகிறார்களாம்,
பத்தொன்பதைப் பதினேழாக்கி.

குழந்தை ஐம்பத்திரண்டாவது மைலில் பிறந்தது.
ஆண். அழுதான், தாயும் பிழைத்தாள்.
எல்லைப் பலகையைத் தாண்டி
முந்நூறு கஜம் போயிருந்தோம்.
அதனால் அவன் பெயர்
பக்கத்துக் கவுண்டிப் பதிவேட்டில்.