வராதவை

அக்டோபர் முடிய ஒன்பது நாள்.
வோரு ஊருக்குத் தெற்கே
பிர்ச்சும் ஸ்ப்ரூஸும் கலந்து நிற்கும் சரிவில்
மண் துளைக்கும் குழாயை மிதித்து இறக்குகிறான் ராய்வோ.
பத்து சென்டிமீட்டர். திருகு. எடு.
பாசி, கறுத்த ஊசியிலை, அறுபட்ட ஒரு வேர்நுனி,
அப்புறம் காபித்தூள் மாதிரி மண்.
பன்றி கிளறிய இடம் வேண்டாம் என்றேன்.
"அதற்கும் ஏதாவது ஆராய்ச்சி இருக்கும், ஹெல்வே."

பையைப் பிசையக் கூடாது, வெயில் படக் கூடாது.
முட்டை கொண்டுபோவதுபோல்
கொண்டுபோனோம், கண்ணுக்குத் தெரியாத கூட்டத்தை.

என் முறை பழைய முறை.
கண்ணாடிப் புனல், அதன் காலில் ரப்பர் குழாய்,
குழாயின் கழுத்தில் ஒரு கவ்வி.
மேலே கம்பிவலை, வலைமேல் மெல்லிய காகிதம்,
காகிதத்தின்மேல்
ஐம்பது கிராம் காடு.
அடி நனையும்வரை தண்ணீர் விட்டால் போதும்.
விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

நூற்புழு நெளியும், நீந்தத் தெரியாது.
காகித இழைகளுக்கிடையே நழுவிவிட்டால்
விழுவது ஒன்றே வழி.
இரண்டு இரவு கழித்துக் கவ்வியைத் தளர்த்தினால்
ஒரு மடக்குத் தண்ணீர்,
அதில் தாமாக வந்து சேர்ந்தவை.
தாமாக. இந்தச் சொல்லில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது.

ராய்வோவுக்கு இரண்டு இரவு பொறுக்காது.
மண்ணைக் கரைத்துச் சல்லடையில் அலசி
சுழலும் இயந்திரத்தில் ஐந்து நிமிடம்.
தெளிந்ததைக் கொட்டிவிட்டு
லிட்டருக்கு நானூற்று எண்பத்து நான்கு கிராம் சர்க்கரை கரைத்த பாகு.
மறுபடி சுழற்று, ஒரே நிமிடம்.
மண் கீழே போகும், புழு மிதக்கும்,
உயிருள்ளதும் செத்ததும்.
சர்க்கரை யாரையும் விசாரிப்பதில்லை.

போன வாரம் சர்க்கரை தீர்ந்துபோய்
பேருந்து நிறுத்தக் கடையில் ஆறு கிலோ கேட்டானாம்.
"லிங்கன்பெரி ஜாமுக்கா? காலம் கடந்துவிட்டதே தம்பி"
என்றாளாம் கல்லாவில் இருந்தவள்.
ஆமாம் என்றானாம். வேறென்ன சொல்வது.

இன்று ஒரே பை, ஒரே மண், இரண்டு முறை.
நுண்ணோக்கியின் இடப்பக்கம் என் தட்டு, வலப்பக்கம் அவனுடையது.
பாக்டீரியா தின்பவை எனக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு,
அவனுக்கு இருநூற்று அறுபது;
அதிலும் சில, பாகில் கிடந்து மிளகாய் வற்றல்போல் சுருங்கியவை.
வாயில் ஒற்றைப் பல் வைத்த வேட்டைக்காரன்
எனக்கு நான்கு, அவனுக்கு ஒன்று.
சிரித்தேன். மறைக்கவில்லை.

ஏழாவது கட்டம் மோதிரப்புழு.
குட்டை, தடிமன், உடம்பு முழுக்க வளையம் வளையமாய்.
வேரில் ஊசியைச் செருகிவிட்டால்
நகர்வதற்கு அதற்கொரு காரணம் வேண்டும்.
எனக்கு வழக்கம்போல் பூஜ்ஜியம்.
அவனுக்கு நாற்பத்தொன்று.

திரும்ப எண்ணச் சொன்னேன். நாற்பத்தொன்று.
நானே எண்ணினேன்.
நாற்பத்து மூன்று.

அலமாரியில் பதினோரு வருடப் பதிவேடுகள், நீல அட்டை.
எதைப் பிரித்தாலும் ஏழாவது கட்டத்தில்
என் கையெழுத்தில் பூஜ்ஜியம் பூஜ்ஜியமாய் இறங்குகிறது,
மோதிரங்களைக் கழற்றி வரிசையாக வைத்ததுபோல்.
அத்தனை பக்கத்திலும்
இல்லை, இல்லை என்று எழுதியிருக்கிறேன்.
வரவில்லை என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்.

ராய்வோ ஒன்றும் சொல்லவில்லை.
பாகு சிந்திய மேசையை ஈரத்துணியால் துடைத்தான்,
பிசுக்குப் போகவில்லை, மறுபடி துடைத்தான்.
வெளியே நாலரை மணிக்கே இருட்டத் தொடங்கியிருந்தது.

புனலில் மிச்சமிருந்த மண்ணைக்
காகிதத்தோடு சுருட்டிக் குப்பைக்கு எடுத்துப்போனேன்.
கூடையின்மேல் கை நின்றது.
ஐம்பது கிராம்.
இரண்டு இரவு கதவைத் திறந்துவைத்தும்
எழுந்துவராதவை அதற்குள் இருந்தன.

திரும்பி வந்து பொட்டலத்தை மேசையில் பிரித்தேன்.
"சர்க்கரையை எங்கே வைத்திருக்கிறாய்?" என்றேன்.