செக்குபந்தி

இருபத்தாறு வருஷம்
சேரன்மகாதேவி சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில்
அடுத்தவன் நிலத்துக்கு நாலு எல்லை எழுதினேன்.
வடக்கே மூக்காண்டி நஞ்சை,
தெற்கே கன்னடியன் கால்வாய்ப் பாதை,
கிழக்கே இன்னார், மேற்கே இன்னார்,
இதற்குட்பட்ட தென்னை ஏழு, கிணற்றில் பாதி.
எவ்வித வில்லங்கமும் இல்லை என்று
ஒரு நாளைக்கு நாலு தடவை எழுதுகிற கைக்கு
அது மெய்யா என்று கேட்கத் தோன்றாது.

போன ஆவணியில்
எனக்கே ஒரு பத்திரம் வந்தது.
நாற்பத்து மூன்று பக்கம், கோயம்புத்தூரில் அச்சானது.
டீக்கடை வைக்க.
டீக்கடை என்று சொல்லக்கூடாதாம். கிளை.

பிரம்மசக்தி உறங்கின பிறகு
செக்குபந்தி எந்தப் பக்கம் என்று தேடினேன்.
வடக்கும் இல்லை, தெற்கும் இல்லை.
ஒரு புள்ளி,
அதைச் சுற்றி மூன்று கிலோமீட்டருக்கு ஒரு வட்டம்.
அதற்குள் இன்னொரு கிளை திறக்கமாட்டார்கள்.
வட்டத்தில் பாதி வயல், கொஞ்சம் ஆறு.
கொக்குக்கும் கெளுத்திக்கும் டீ விற்கிற உரிமை
ஐந்து வருஷத்துக்கு எனக்கு மட்டும்.

பதினேழாம் பக்கத்தில்
முதல் தரப்பினர் வரவேண்டிய இடத்தில்
இரண்டாம் தரப்பினர் என்று இருந்தது.
போன் போட்டுச் சொன்னேன்.
"எல்லாக் கிளைக்கும் இதேதானுங்க,
இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லீங்க."
ஒருத்தரும் படிக்கவில்லை.
படித்த நானும்
கையெழுத்தைப் போடத்தான் செய்தேன்.
சாட்சி, மைத்துனன் இசக்கியப்பன்.
சாட்சியில் எழுதாமல் விட்டது
பிரம்மசக்தியின் பதினோரு பவுன்.

தூள் அவர்கள் தூள். கோப்பை அவர்கள் கோப்பை.
சீனி எட்டு கிராம்,
ஒன்பது போட்டால் ஒப்பந்த மீறல்.
தண்ணீர் மிஷினில் வடிகட்டியதாக இருக்கவேண்டும்,
ஓசூரிலும் ஒரே ருசி, சேரன்மகாதேவியிலும் ஒரே ருசி.
"என்ன வே இது,
ஆத்தைப் பக்கத்துல வச்சிக்கிட்டு
மிஷின் தண்ணில டீ போடுதீரு?"
லாரி டிரைவர் நயினார் கேட்டதற்கு
நாற்பத்து மூன்று பக்கத்திலும் பதில் இல்லை.
சிரித்தேன்.
சிரிப்பு மட்டும்தான் அங்கே
நான் சொந்தமாகப் போட்டது.

பலகையில் என் பெயர் போடக்கூடாது.
விளக்கு வைத்த பலகை, ராத்திரி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சிவப்பு.
ஆனாலும் ஊர் என்ன சொல்கிறது?
பத்திரக்காரர் கடை.
மேற்பார்வைக்கு வந்த பையன் வழி கேட்டபோது
கம்பெனி பெயர் யாருக்கும் தெரியவில்லை.
முகம் சிறுத்து வந்தான்.
இஞ்சியை எடைபோட்டுப் பார்த்தான்,
ஒன்றும் சொல்ல முடியாமல்
துடைக்கிற துணி நீலமாக இருக்கவேண்டும் என்று எழுதிப் போனான்.

நூற்றுக்கு ஆறு அவர்களுக்கு.
மிச்சத்தில் இல்லை, விற்றதில்.
ஐப்பசியில் அடைமழை, பாபநாசம் பஸ் வரவில்லை,
அன்றைக்கு நாற்பத்தொரு டீ.
அதிலும் ஆறு.
வேலைக்கு நிற்கிற செய்யது
கல்லாவை என்னைவிட மெதுவாகச் சாத்தினான்.
பழைய இடத்துக்கே போயிரலாமா என்று
அன்று ராத்திரி நினைக்கவில்லை என்று எழுதினால்
அதிலும் ஒரு வில்லங்கம் இருக்கும்.

நேற்று சாயங்காலம்
பத்தமடையிலிருந்து ஒரு பொம்பளை.
டீயை வாங்கி வைத்துவிட்டு
மஞ்சப்பையிலிருந்து ஒரு பத்திரத்தை எடுத்தாள்.
"அண்ணாச்சி, அண்ணன் கையெழுத்துப் போடச் சொல்லுதான்.
ஒரு தடவை வாசிச்சுச் சொல்லுங்க."
கவுன்டரில் ஆறு பேர்.
துணியை செய்யதுவிடம் கொடுத்துவிட்டு வாசித்தேன்.
மேற்கெல்லையில் அவள் பங்குக் கிணறு இல்லை.
விட்டுப்போனதா, விட்டதா,
அது நான் சொல்கிற காரியம் இல்லை.
இல்லை என்பதை மட்டும் விரல் வைத்துக் காட்டினேன்.

ரொம்ப நேரம் அந்த இடத்தையே பார்த்தாள்.
டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.
அதைக் கொட்டிவிட்டு
வேறு போடச் சொன்னேன், காசு வேண்டாமென்று.

ராத்திரி பத்தரைக்குக் கம்பெனிக் கணக்கைத் திறந்தேன்.
காரணம் எழுத இடம் இல்லாத கட்டத்தில்
எழுதினேன்,
கழிவு: ஒன்று.